கப்பல் மும்பையில் ஒரு பகல் நிற்கிறது: அம்மாவோடு கடைத்தெரு சுற்ற வழி சொல்லுங்கள்

பாப்பாரப்பட்டிக்காரி | டிசம்பர் 26, இரவு 9.10

வணக்கம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

ஜனவரி முதல் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போகிறேன். கொச்சியில் ஏறுகிறோம். மும்பையில் ஒரு பகல், கோவாவில் ஒரு பகல், திரும்பவும் கொச்சி. மும்பையில் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கரை சேர்ந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. ஐந்து மணிக்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு 66 வயது. தர்மபுரி உழவர் சந்தையில் இருபது வருடம் காய் விற்றவர். இடது முட்டியில் வலி உண்டு. மெதுவாக நடந்து, நடுவில் உட்கார்ந்து எழுந்தால் சமாளிப்பார். கேட்வே பார்க்கலாமா, தாஜ் ஓட்டல் பார்க்கலாமா என்று கேட்டேன். "கட்டடத்தைப் பார்த்து என்ன பண்றது, அந்த ஊர் சந்தையைக் காட்டு" என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அந்த ஊரில் எனக்கு ஒரு தெருவும் தெரியாது, இந்தியும் வராது. கிராஃபோர்ட் மார்க்கெட், சோர் பஜார், கொலாபா, மங்கள்தாஸ், தாதர் பூச்சந்தை என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் பார்க்க முடியுமா?

ஊத்தங்கரைக் கடலோடி | டிசம்பர் 26, இரவு 11.48

வணக்கம் அக்கா. பதினோரு வருடமாகக் கப்பல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். மும்பையில் பலமுறை இறங்கியிருக்கிறேன். கடைகளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மணிக்குக் கரை சேர்ந்தால் எட்டு மணிக்கே தெருவில் இருப்போம் என்று நினைக்காதீர்கள். கயிறு கட்டி, படி இறக்கி, அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் பயணிகளை விடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்து நிற்பார்கள். துறைமுகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்கவும் முடியாது. வெளியே கால் வைக்கும்போது ஒன்பது, ஒன்பதேகால் ஆகிவிடும். திரும்பும்போது ஐந்து மணிக் கணக்கு வைக்காதீர்கள். சாயங்காலம் தென் மும்பையில் டாக்சி ஊர்ந்துதான் போகும். மூன்றரைக்குக் கடைத்தெருவை விட்டுவிடுங்கள். ஆக, உங்கள் கையில் இருப்பது ஆறு மணி நேரம்.

கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. நான் மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கணவனும் மனைவியும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், கயிறு ஏற்கனவே அவிழ்த்தாகிவிட்டது. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் சொந்தச் செலவில்தான் வந்து சேர்ந்தார்கள்.

முதல்நாள் இரவு அறைக்கு ஒரு தாள் வரும். துறைமுக முகவரின் தொலைபேசி எண் அதில் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். கப்பல் அட்டையும் அசல் ஆதாரும் இரண்டு பேரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலில் ஏறுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கப்பல் கடிகாரமும் நம் கைபேசி காட்டும் நேரமும் வேறாக இருக்கலாம். கப்பல் கடிகாரம்தான் கணக்கு. கத்தி, அரிவாள்மனை, மின்சாதனம் வாங்காதீர்கள், ஏறும்போது பிடித்து வைத்துவிடுவார்கள்.

நல்லம்பள்ளி வாத்தியார் | டிசம்பர் 27, காலை 6.30

தம்பி சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் சொல்கிறேன், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டாம். நானும் என் மனைவியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் போனோம். அந்தக் கூட்டம் நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி இல்லை. திருவிழாவில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துப் போவார்கள். அங்கே நான்கு பக்கமும் போவார்கள், நடுவில் கைவண்டி வரும், தலையில் சுமையோடு ஆள் வருவார், பைக் வரும். ஒரு இடத்தில் நின்று யோசிக்க முடியாது. கப்பலின் பேருந்துச் சுற்றுலாவை எடுத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

அரூர் மருமகள் | டிசம்பர் 27, காலை 10.15

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில், வாழ்க்கைப்பட்டு வந்தது அரூருக்கு. அதனால் இரண்டு ஊரும் எனக்கு ஊர்தான்.

வாத்தியார் ஐயா, ஒன்று கேட்கலாமா? உங்கள் பேருந்துச் சுற்றுலாவில் எத்தனை சந்தை பார்த்தீர்கள்?

நல்லம்பள்ளி வாத்தியார் | டிசம்பர் 27, காலை 11.02

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஒன்றும் பார்க்கவில்லை. சந்தை என்று சீட்டில் போட்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு கட்டடத்தைக் காட்டி "இதுதான் மார்க்கெட்" என்றார்கள். அப்புறம் குளிர்சாதனம் போட்ட ஒரு கம்பளக் கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். என் மனைவிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் ஊரில் பிறந்தவள், அவளுக்குப் பேரம் பேசாமல் வெளியே வந்தது பெரிய குறை.

ஆனாலும் பத்திரமாகத் திரும்பி வந்தோம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காவேரிப்பட்டணம் மண்டி | டிசம்பர் 27, பிற்பகல் 2.20

தங்கச்சி, அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடு. ஆறு மணி நேரத்தில் ஐந்து சந்தை பார்த்தவர்கள் டாக்சியின் பின்சீட்டைத்தான் பார்த்திருப்பார்கள். தாதர் ஒரு மூலை, கொலாபா இன்னொரு மூலை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் நாம் எப்படிப் பார்ப்போம்? ஒரு முனையில் நுழைந்து, விலை கேட்டுக்கொண்டே, தெரிந்தவர்களிடம் நின்று பேசி, இன்னொரு முனையில் வெளியே வருவோம். அங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே சந்தையை முழுசாகப் பார்.

எனக்குக் கிராஃபோர்ட் மார்க்கெட் பழக்கம். 1991-இல் எனக்கு 19 வயது. அப்பாவோடு மாம்பழ லாரியில் போனேன். இன்று கிருஷ்ணகிரியைத் தொட்டுப் போகும் 48-ஆம் எண் சாலைதான் மும்பை வழியாக டெல்லிக்குப் போகிறது. வைக்கோல் போட்ட பெட்டி மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு போனேன். விடியற்காலையில் அந்தக் கட்டடத்தின் முன்னால் இறங்கியபோது கோயில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டேன். 1869-இல் கட்டி முடித்தது. ஆர்தர் கிராஃபோர்ட் என்ற மாநகராட்சி ஆணையர் பேரில் அழைத்தார்கள். இப்போது மகாத்மா ஜோதிபா புலே மண்டை என்று பெயர். மராத்தியில் மண்டை என்றால் காய்கறிச் சந்தை. வாசலுக்கு மேலே கல்லில் உழவர்களைச் செதுக்கியிருப்பார்கள். வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், எழுத்தாளர் கிப்ளிங்கின் அப்பா. உள்ளே போகும் அவசரத்தில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அம்மாவுக்கு அதைக் காட்டு.

1996-இல் மொத்த வியாபாரத்தை நவி மும்பைக்கு, வாஷிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் லாரியும் வாஷிக்குத்தான் போனது. கிராஃபோர்டில் இப்போது சில்லறை வியாபாரம்தான். ஜனவரியில் மாம்பழம் இருக்காது. மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரி வந்திருக்கும்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கைவண்டிக்காரர் "பாஜூ, பாஜூ" என்று கத்துவார், ஒதுங்கு என்று அர்த்தம். அவர் திட்டவில்லை. பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்தினால் மறுபடியும் கிளப்ப அவருக்கு உயிர் போகும். நாம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டால் போதும். அது அவர் வேலை செய்யும் இடம், நாம்தான் குறுக்கே வந்தவர்கள்.

ராயக்கோட்டை ரவுண்டு | டிசம்பர் 27, மாலை 4.05

சோர் பஜாரை விடாதீர்கள்! பழைய கிராமபோன், பித்தளை விளக்கு, கப்பல் கடிகாரம் எல்லாம் கிடைக்கும். மட்டன் தெரு என்று டாக்சியில் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை அந்தக் கடைகள் மூடியிருக்கும். உங்களுக்கு வியாழன், அதனால் பிரச்சினை இல்லை.

பாப்பாரப்பட்டிக்காரி | டிசம்பர் 27, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. மண்டி அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவரு சொல்றதுதான் சரி, ஒரே சந்தை" என்று முடித்துவிட்டார். சோர் பஜார் வேண்டாமாம், பழைய சாமான் வீட்டிலேயே இருக்கிறதாம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "காய்ச்சந்தை எது?"

அரூர் மருமகள் | டிசம்பர் 28, காலை 9.30

அப்படியென்றால் புலேஷ்வர். வேறு யோசனையே வேண்டாம்.

கிராஃபோர்ட் பெரிய கட்டடம், வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். புலேஷ்வர் அந்த வட்டாரத்துக் குஜராத்திக் குடும்பங்கள் காலங்காலமாகக் காய் வாங்கும் தெரு. நீங்கள் போவது சங்கராந்திக்கு ஒரு வாரம் முன்னால். நம் பொங்கல் சமயத்தில்தான் அவர்களுக்கு உத்தராயண். அன்று உந்தியு என்று ஒரு கூட்டு செய்வார்கள். அதற்கு வேண்டிய காயெல்லாம் அந்தத் தெருவில் குவிந்து கிடக்கும். என்ன காய் என்று சொல்லமாட்டேன், அம்மாவே பார்க்கட்டும்.

வழி இதுதான். கப்பலிலிருந்து பக்கத்தில் இருப்பது கிராஃபோர்ட், கொஞ்சம் தள்ளி இருப்பது புலேஷ்வர். பெரும்பாலானவர்கள் பக்கத்தில் தொடங்கித் தூரமாகப் போவார்கள். களைத்துப்போகும்போது கப்பல் எட்டாத தூரத்தில் இருக்கும். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். துறைமுக வாசலில் டாக்சி பிடித்து நேராகப் புலேஷ்வருக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கப்பல் இருக்கும் திசையில் நடந்து வாருங்கள். புலேஷ்வர், மும்பாதேவி கோயில், ஜவேரி பஜார், மங்கள்தாஸ் துணி மார்க்கெட், கிராஃபோர்ட். ஒரே நடை, அதிகம் போனால் இரண்டு கிலோமீட்டர். எங்கே முட்டி வலிக்கிறதோ அங்கே டாக்சி ஏறிவிடலாம், ஒவ்வொரு அடியும் கப்பலுக்குப் பக்கமாகத்தான் இருக்கும். துணிக்கடைகள் பதினோரு மணிக்கு மேல்தான் களைகட்டும், காய்ச்சந்தை காலையிலேயே நடக்கும். அந்த வகையிலும் இந்த வரிசை பொருந்தும்.

தென் மும்பையில் ஆட்டோ கிடையாது, தேடாதீர்கள். கறுப்பு மஞ்சள் டாக்சிதான். மீட்டர் போடச் சொல்லுங்கள், 2025-இல் குறைந்த கட்டணம் 31 ரூபாயாக இருந்தது. துறைமுக வாசலிலேயே நின்று "முழு நாள் சுற்றிக் காட்டுகிறேன்" என்று கூப்பிடுபவர்களைக் கும்பிட்டுவிட்டு நூறடி நடந்து போய் வண்டி பிடியுங்கள்.

இந்தி வராவிட்டால் பரவாயில்லை. "கித்னா", அதாவது எவ்வளவு, தெரிந்தால் போதும். ஆனால் ஒரு சொல்லை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: "பாவ்". ரொட்டி இல்லை, கால் கிலோ. காய்க்காரர்கள் சொல்லும் விலை பெரும்பாலும் கால் கிலோவுக்குத்தான். கிலோ விலை என்று நினைத்து ஏமாந்துபோனவர்கள் நிறைய.

ஓசூர் பூக்காரன் | டிசம்பர் 28, மதியம் 12.45

பூச்சந்தை பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் ரோஜா போடுகிறவன், அதனால் ஒரு வார்த்தை. தாதர் பூச்சந்தை பெரியதுதான், ஆனால் இருட்டோடு இருட்டாக நடந்து முடிகிற வியாபாரம். உங்கள் கப்பல் வரும்போது நல்ல பூ போயிருக்கும். புலேஷ்வரிலேயே பூ கல்லி என்று ஒரு சந்து உண்டு, அங்கே பகலெல்லாம் கட்டுவார்கள். நம் ஊரில் நாரில் கட்டுகிறோம், அங்கே ஊசி நூலில் கோர்ப்பார்கள். கை வேகத்தை நின்று பாருங்கள்.

நல்லம்பள்ளி வாத்தியார் | டிசம்பர் 28, மாலை 5.15

மருமகள் சொன்ன வழி நன்றாக இருக்கிறது. எதிர்ப்பக்கமிருந்து நடந்து வருவது எனக்குத் தோன்றவில்லை. என் பேச்சை விட்டுக்கொடுக்கிறேன். ஒரு நிபந்தனை: அம்மாவின் கழுத்துச் சங்கிலியைக் கப்பல் பெட்டகத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பணத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். நெரிசலில் தவறிவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

பாப்பாரப்பட்டிக்காரி | ஜனவரி 13, இரவு 10.30

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். நடந்ததை எழுதாமல் விட்டால் உங்களுக்குச் செய்யும் துரோகம். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கடலோடித் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. வாசலுக்கு வெளியே வரும்போது ஒன்பது இருபது. அம்மா சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தார். நூறடி தள்ளி டாக்சிக்காக நின்றபோது "பாம்... பாம்" என்று ஹாரன் சத்தம். சைக்கிளில் அலுமினியத் தூக்கோடு இட்லிக்காரர். நான் கவனிக்கவில்லை. அம்மா மூடியைத் திறந்தபோது வந்த வாசனையைப் பிடித்துவிட்டார். "தம்பி, தமிழா?" என்றார். அவர் காலை ஊன்றி நின்று "ஆமாம்மா, நம்ம ஊரு எது?" என்றார். திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடியிருப்பு, விடியற்காலையில் கிளம்பி இந்தத் தெருக்களில் விற்கிறாராம். கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த அம்மா, ரோட்டோரம் நின்று நான்கு இட்லி சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னி தண்ணீராகத்தான் இருந்தது. அவர்தான் டாக்சி நிறுத்தி, ஓட்டுநரிடம் இந்தியில் "புலேஷ்வர், மீட்டர்" என்று சொல்லி ஏற்றிவிட்டார். இட்லிக்குக் காசு வாங்கினார், அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை.

புலேஷ்வர் தெருமுனையில் இறங்கியதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வாத்தியார் ஐயா சொன்ன அதே கூட்டம். இரண்டு பக்கமும் பழைய மாடிவீடுகள், மேலே துணி காய்கிறது, கீழே நிற்க இடமில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். ஐந்து நிமிடத்தில் அம்மா என் கையை விடுவித்துக்கொண்டார். "விடுடி, நீ இழுக்கற இழுப்புலதான் விழுந்துடுவேன்" என்றார். அதற்கப்புறம் கவனித்தேன். அம்மா கூட்டத்தை எதிர்த்து நடக்கவில்லை. கைவண்டி வந்தால் கடையோரம் ஒதுங்கி, ஒதுங்கிய இடத்தில் என்ன விற்கிறார்கள் என்று பார்த்து, வண்டி போனதும் இரண்டடி வைத்து, மறுபடியும் நின்று... முட்டிக்கு ஓய்வு தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. சந்தையில் நடக்க அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்தக் காய். மருமகள் அக்கா, நீங்கள் சொல்லாமல் விட்டது நல்லது.

சாக்கு விரித்து ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். குஜராத்தி முறையில் கட்டிய சேலை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. முன்னால் பச்சையாக ஒரு குவியல். அம்மா குனிந்து ஒரு காயை எடுத்து, நுனியைக் கிள்ளி, நாரை உரித்து மூக்கருகில் கொண்டுபோனார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. "அடியே, அவரைடி!" என்று கூவினார். நம் பொங்கல் அவரையேதான். கொஞ்சம் பட்டையாக, விதை சிறுத்து இருந்தது, வாசனை அதே வாசனை. அந்த அம்மாள் "பாப்டி, பாப்டி" என்றார். அம்மா "அவரை" என்றார். இவர் "பாப்டி", அவர் "அவரை" என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பக்கத்துக் குவியலில் பச்சைத் துவரை. அதற்கும் பக்கத்தில் உள்ளே ஊதா நிறமாக வெட்டி வைத்த ராசவள்ளிக்கிழங்கு. பிஞ்சுக் கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, தாளோடு பச்சைப் பூண்டு. ஒன்றுவிடாமல் அம்மாவுக்குப் பெயர் தெரிந்தது.

அந்த அம்மாள் துவரையை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்காமலே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாள் முறத்தை அம்மாவின் பக்கமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கும் மேல் இரண்டு பேரும் உரித்தார்கள். வாங்க வந்தவர்கள் அம்மாவிடமும் விலை கேட்டார்கள். கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறி ஒரே இழுப்பில் மணியைக் கொட்டும் வித்தை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் கீழிருந்து மேலே இழுத்தார், அம்மா மேலிருந்து கீழே.

"பாவ்" விஷயத்தில் மருமகள் அக்கா காப்பாற்றினீர்கள். அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவரை பாவ் நாற்பது ரூபாய் என்றதும் விரல்விட்டுக் கணக்குப் போட்டு, "கிலோ நூத்தி அறுபதா! நான் அம்பதுக்குக் கூவி வித்திருக்கேன்" என்று நெஞ்சில் கை வைத்தார். அந்த அம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. தலைக்கு மேல் கையை உயர்த்தி, மாடி, வாடகை, லாரி என்று சைகையிலேயே ஏதோ விளக்கினார். அம்மா தலையாட்டினார். அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

அங்கிருந்து நாலெட்டில் பாஞ்சராபோல். 1834-லிருந்து இருக்கும் கோசாலை. அவ்வளவு நெருக்கமான தெருக்களுக்கு நடுவில் ஒரு வாசல், உள்ளே போனால் நூற்றுக்கணக்கில் மாடுகள். காசு கொடுத்தால் ஒரு கட்டுப் புல் தருகிறார்கள், நம் கையாலேயே போடலாம். நிழலில் திண்ணை இருந்தது. முட்டிக்கு அங்கே நல்ல ஓய்வு. சாணி வாசனையில் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பூ கல்லியில் பூக்கார அண்ணா சொன்ன கோர்ப்பைப் பார்த்தோம். ஊசி ஒரு முழ நீளம். மும்பாதேவியை வெளியிலிருந்தே கும்பிட்டோம், வரிசை பெரியது. இந்த அம்மன் பெயரில்தான் ஊரே மும்பை ஆயிற்று என்று சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டிலேயே நின்று கும்பிட்டார். ஜவேரி பஜாரைச் சும்மா கடந்தோம். மங்கள்தாஸில் இரண்டு ரவிக்கைத் துணி வாங்கினேன், அதற்கே முக்கால் மணி நேரம். அங்கேதான் ஒரு தவறு நடந்தது. கடைக்காரர் துணியை விரித்துக்கொண்டே போனார், நான் அதில் மூழ்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. உள்ளே எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாக் கடையும் ஒரே துணிமயம். பத்து நிமிடம் எனக்குக் கை கால் ஓடவில்லை. வாத்தியார் ஐயா சொன்னபடி "தவறிவிட்டால் நுழைந்த வாசலிலேயே நில்லு" என்று காலையில் பேசி வைத்திருந்தோம். ஓடினேன். வாசலில் ஒரு டீக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்து அரை கிளாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீ வருவேன்னு தெரியும், அதான் உட்கார்ந்துட்டேன்" என்றார். ஐயா, உங்கள் ஒரு வரிக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

கிராஃபோர்டுக்கு வரும்போது இரண்டரை. உள்ளே அதிகம் பார்க்கவில்லை. மண்டி அண்ணா சொன்ன கல் சிற்பத்தை மட்டும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தோம். அம்மா வெகுநேரம் பார்த்தார். "நம்ம மாதிரி ஆளைக் கல்லுல அடிச்சு வாசலுக்கு மேல வெச்சிருக்காங்க பாரேன்" என்றார். ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கி அங்கேயே தின்று முடித்தோம். மூன்று மணிக்கு டாக்சி, மூன்றேமுக்காலுக்குக் கப்பல். அவ்வளவு சின்னத் தூரத்துக்கு அவ்வளவு நேரம்.

காவேரிப்பட்டணம் மண்டி | ஜனவரி 13, இரவு 11.20

தங்கச்சி, அம்மா சொன்னதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் அப்பாவும் 1991-இல் அதே இடத்தில் நின்று கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

ராயக்கோட்டை ரவுண்டு | ஜனவரி 14, காலை 7.10

ஒரே தெருவில் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் போனபோது சோர் பஜார், கொலாபா, தாதர் மூன்றும் போனேன். இப்போது யோசித்தால் மூன்றிலும் யாருடைய முகமும் நினைவில் இல்லை. படம் நிறைய எடுத்திருக்கிறேன். அக்கா, நீங்கள் அந்த அம்மாளைப் படம் எடுத்தீர்களா?

பாப்பாரப்பட்டிக்காரி | ஜனவரி 14, காலை 8.00

எடுக்கவில்லை. கைபேசியை எடுத்தேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். உழவர் சந்தையில் யாரோ கேட்காமல் படம் எடுத்தபோது தனக்கு எப்படி இருந்தது என்று அப்புறம் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு கைப்பிடி அவரையை எடுத்து அம்மாவின் முந்தானையில் போட்டார். கப்பலில் காய் ஏற்ற விடுவார்களோ என்று பயந்தேன். கேட்டதற்கு, பச்சைக் காய் கூடாது என்றார்கள். அம்மா வாசலிலேயே நின்று பிஞ்சாகப் பார்த்து இரண்டைத் தின்றுவிட்டு, மீதியைக் காவலுக்கு நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அது என்ன காய் என்று தெரிந்திருந்தது.

அரூர் மருமகள் | ஜனவரி 14, காலை 9.45

பொங்கல் வேலைக்கு நடுவில் ஓடி வந்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், உந்தியுவில் அந்த அவரைக்கு ருசி கொடுப்பது ஓமம். எண்ணெய் காய்ந்ததும் முதலில் ஓமம், அப்புறம் அவரை. பச்சைப் பூண்டும் கொத்துமல்லியும் தேங்காயும் சேர்த்து அரைத்த விழுதைக் கத்தரிக்காய்க்குள் அடைத்து மேலே வைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் மூடி, சின்னத் தீயில் விட வேண்டும். வெந்தயக்கீரையும் கடலைமாவும் பிசைந்து பொரித்த உருண்டையைக் கடைசியில் போடுவார்கள். கிளறக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

பாப்பாரப்பட்டிக்காரி | ஜனவரி 14, இரவு 7.30

செய்தாயிற்று. ஓமம் போட்டதும் வீட்டில் எல்லோரும் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். அம்மா தோட்டத்து அவரை, தோட்டத்துத் துவரை, பக்கத்து வீட்டுக் கத்தரிக்காய். பச்சைப் பூண்டுக்குப் பதில் முளைவிட்ட பூண்டுத் தாளைக் கிள்ளிப் போட்டோம்.

ராசவள்ளிக்கிழங்கு மட்டும் கிடைக்கவில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் யாரிடமாவது விதைக்கிழங்கு இருந்தால் சொல்லுங்கள். வேலியோரம் நடவேண்டும் என்று அம்மா இப்போதே குழி பார்த்து வைத்திருக்கிறார்.